ஒன்பது பொறுப்பாளர்களும் ஒரு மதகும்

தஞ்சாவூரின் கிழக்கு எல்லையில் ஒரு வேலி நன்செய் நிலத்தின் மேல் எங்கள் குடியிருப்பு எழுந்தது. அதற்கென ஒரு கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கம் இருந்தது. அச்சங்கத்தின் செயலாளராக ஆறு ஆண்டுகள் நான் பதவி வகித்தேன். பொறுப்பு வகித்தேன் என்று எழுதத்தான் கை செல்கிறது. ஆயினும், அவ்வாறு எழுதும் உரிமை எனக்கு எவ்வளவு உண்டு என்பதை இதனைப் படித்து முடிப்பவர்கள் முடிவு செய்துகொள்ளலாம்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அரிசி ஆலையில் முப்பது ஆண்டுகள் கொதிகலன் பார்த்தேன். நல்ல தமிழை நூலகத்திலும், சுவரில் ஒட்டப்பட்ட அரசு அறிவிப்புகளிலும் தேடித் தேடிக் கற்றேன். என் மகன் சிங்கப்பூர் சென்று சம்பாதித்துக் கட்டிக்கொடுத்த வீட்டில் குடியேறிய மறு மாதமே, சங்கத்தின் துணைவிதிகள் முழுவதையும் என் கைப்பட நகலெடுத்து வைத்துக்கொண்டேன். உறுப்பினர்களுள் துணைவிதிகளைப் படித்தவன் நான் ஒருவனே என்பது தெரியவந்ததும், மற்றவர்கள் இனித் தாங்கள் படிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதியில் என்னை ஒருமனதாகச் செயலாளர் ஆக்கினார்கள்.

நாட்டின் கதவுகள் திறந்துவிட்டன என்று செய்தித்தாள்கள் நாள்தோறும் எழுதிய காலம் அது. திறந்த கதவு வழியாக எங்கள் பிள்ளைகள் அனைவரும் வெளியே போயிருந்தார்கள். ஆகவே எங்கள் தெருக்களில் வீடுகளுக்குக் கதவிலக்கம் தேவைப்படவில்லை. மஸ்கட் வீடு, சிங்கப்பூர் வீடு, அமெரிக்கா வீடு என்றால் தபால்காரருக்குப் போதும். அவ்வீடுகளில் எஞ்சியிருந்த பெற்றோர்களாகிய நாங்கள், பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தோமே தவிர, பதவியிலிருந்து ஓய்வு பெற மனம் வராதவர்கள்.

செயற்குழுவுக்கு ஒன்பது பேர். தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர் என்னும் நால்வரோடு துணைவிதிகள் நின்றுவிட்டன. எங்கள் மக்கள் நிற்கவில்லை. இணைச் செயலாளர், அமைப்பாளர், ஒருங்கிணைப்பாளர், ஆலோசகர் என மேலும் நான்கு பதவிகளைப் படைத்தார்கள். ஒன்பதாமவருக்கு வரும்போது தமிழில் பதவிப் பெயர்கள் தீர்ந்துபோயின. பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டி வைத்திருந்து, மகனிடம் அதை ஒப்படைத்துவிட்டு வந்த அப்பெரியவர், வெறும் ‘உறுப்பினர்’ என்றே அறிவிக்கப்பட்டார். அன்று முதல் அவர் செயற்குழுக் கூட்டங்களுக்கு வருவதில்லை. கூட்டம் நடக்கும் வீட்டு வாசல் வரை வருவார், வெளியே நின்று கேட்பார், போய்விடுவார்.

இத்தனை பொறுப்பாளர்களும் ஒன்றுகூடிச் செய்த பெரும்பணி, மதகுப் பணி.

எங்கள் குடியிருப்பு வயலாக இருந்தபோது, மழைநீர் தென்கிழக்கு மூலையில் இருந்த சிறு மதகின் வழியே வெளி வடிகாலுக்குப் போகும். வடிகாலில் தண்ணீர் ஏறினால் பலகையை இறக்க வேண்டும், இல்லையேல் அது உள்ளே திரும்பும். வடிகால் தாழ்ந்தால் பலகையைத் தூக்க வேண்டும். நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, ஒரு பார்வை பார்த்து, இதைச் செய்துவந்தார். அவருக்குப் பதவிப் பெயர் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

நாங்கள் அம்மதகுக்குச் சிமெண்டு பூசி, பச்சை வண்ணம் அடித்து, அருகில் ஒரு கல்வெட்டும் நட்டோம். மதகு மூன்றடி, கல்வெட்டு நான்கடி. ஒன்பது பெயர்களும், பட்டங்களும், முன்னாள் பதவிகளும் இடம்பெற வேண்டுமெனில் அதற்குக் குறைந்து முடியாது என்று கல் தச்சர் சொல்லிவிட்டார். பலகையின் மேல் இரும்புச் சங்கிலி போட்டு, பூட்டும் மாட்டினோம். அதன் சாவியை ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துத் தலைவரிடம் நானே வழங்கினேன். மதகுக்குத் திறப்பு விழா எடுத்து, அதே விழாவில் அதைப் பூட்டிய ஊர் எங்கள் ஊராகத்தான் இருக்க வேண்டும். கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று.

தலைவர், வருவாய்த் துறையில் வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவ்வாண்டு மகளின் பிரசவத்துக்காக ஆறு மாதம் அமெரிக்கா செல்ல நேர்ந்தது. புறப்படும் நாளில் கோப்புகளையும் முத்திரையையும் துணைத் தலைவரிடம் ஒப்படைத்தார். சாவியை ஒப்படைக்கவில்லை. நான் மெல்ல நினைவூட்டினேன்.

“இருக்கட்டுங்க. ஆறே மாசம். சாவி கை மாறுச்சுன்னா தலைவரே மாறிட்டாருன்னு பேசுவாங்க. நம்ம ஆளுங்களைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?”

துணைத் தலைவர் தலைமையாசிரியராக இருந்தவர். அவரிடம் போய், நீங்களாவது கேட்டு வாங்குங்கள் என்றேன்.

“நானா? கேட்டு வாங்குனா நான் அதுக்கு ஆசைப்பட்டேன்னு ஆயிடும். அவராக் குடுக்கணும். அதாங்க மரியாதை.”

ஒருவருடைய மரியாதைக்கும் பங்கம் நேரவில்லை. சாவி விமானம் ஏறியது.

மதகை ஒட்டி, குடியிருப்பின் கடைசி வீடு ஒரு செவிலியருடையது. மருத்துவமனைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர், கிறித்தவர், எல்லாரும் அவரை ‘சிஸ்டர்’ என்றே அழைப்போம். அவர் கணவர் பக்கவாதத்தில் விழுந்து இரண்டு ஆண்டுகளாகப் படுக்கையில் இருந்தார். மகன் குவைத்தில், மகள் அயர்லாந்தில். எங்கள் குடியிருப்பில் முதலில் கட்டப்பட்ட வீடு அவர்களுடையதே. கட்டியபோது அது தாழ்ந்த வீடாக இருக்கவில்லை. பிறகு ஆண்டுதோறும் செயற்குழு கூடி, தெருவைக் கிராவல் கொட்டி உயர்த்த ஒருமனதாகத் தீர்மானித்தோம். நாங்கள் உயர உயர அவ்வீடு தாழ்ந்தது. அத்தீர்மானங்கள் அனைத்தும் என் கையெழுத்தில், பிழையின்றி இருக்கின்றன.

ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குச் சிஸ்டர் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார்.

“செயலாளர் சார், தண்ணி உள்ள வந்துடுச்சு. கட்டிலுக்கு அடியில செங்கல் கொடுத்துத் தூக்கி வச்சிருக்கேன். இன்னும் ஒரு செங்கல் உசரம் ஏறுச்சுன்னா மெத்தை நனைஞ்சிடும். அந்த மனுஷனை நான் ஒத்தையில எங்க தூக்கிட்டுப் போறது? மதகைத் தொறக்கச் சொல்லுங்க.”

“சாவி தலைவர்கிட்ட இருக்கும்மா.”

“தலைவர் எங்க?”

“அமெரிக்காவுல.”

“அது தெரியும் சார். சாவி எங்க?”

நான் குடையை எடுத்தேன்.

துணைத் தலைவர் வீட்டில் பொருளாளரும் அமைப்பாளரும் வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்து அமெரிக்காவுக்குத் தொலைபேசியில் பேசினோம். அங்கே முதல் நாள் மாலை. பின்னணியில் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

“சாவியா? பத்திரமா இருக்கு. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. என் கைப்பையிலேயே வச்சிருக்கேன்,” என்றார் தலைவர்.

“அய்யா, இங்க தண்ணி ஏறுதுங்க,” என்றார் துணைத் தலைவர்.

“அப்ப பூட்டை உடைங்க. ஆனா முறைப்படி உடைங்க. செயற்குழுவைக் கூட்டி, கோரம் பார்த்து, தீர்மானம் போட்டுட்டு உடைங்க. நாளைக்கு ஆடிட்ல கேப்பான்.”

கோரம் என்றால் ஒன்பதில் ஐவர். தலைவர் அமெரிக்காவில். இணைச் செயலாளர் மஸ்கட்டில். ஒருங்கிணைப்பாளர் சிங்கப்பூரில் மருமகளுக்குப் பத்தியச் சமையல் செய்யும் மனைவியை ஒருங்கிணைத்துக்கொண்டிருந்தார். ஆலோசகர் சென்னையில் மகனோடு குடியேறி ஓராண்டு ஆகிவிட்டது. பதவி விலகல் கடிதம் அனுப்பினால் பதவி போய்விடும் என்பதால் அனுப்பவில்லை. எஞ்சியோர் நால்வர். ஐந்தாமவர், பட்டுக்கோட்டைக்காரர், வழக்கம்போல வாசலில் குடையோடு நின்றிருந்தார்.

“உள்ள வாங்க,” என்று நான் அழைத்தேன்.

“நான் எதுக்குங்க? பெரிய பெரிய பொறுப்பாளருங்க இருக்கீங்க. நான் வெறும் உறுப்பினர்.”

“உங்களைச் சேத்தாதாங்க கோரம்.”

“ஓகோ, தலையை எண்ணுறதுக்கு மட்டும் நான் வேணுமா? தேங்காய்லகூட குடுமி பாத்துத்தான்யா விலை வைப்போம்.”

உள்ளிருந்து துணைத் தலைவர் சலித்துக்கொண்டார். “அவருக்கு ஏதாவது ஒண்ணைக் குடுத்துத் தொலைங்களேன்.”

இங்கிருந்துதான் எங்கள் ஆலோசனை சூடு பிடித்தது. ‘மேற்பார்வையாளர்’ என்று நான் முன்மொழிந்தேன். அமைப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மேற்பார்வைன்னா யாரை? என்னையும் சேத்தா?”

‘கௌரவ உறுப்பினர்’ என்றார் பொருளாளர். வாசலிலிருந்து மறுமொழி உடனே வந்தது.

“கௌரவம்னா சும்மான்னுதானே அர்த்தம்? நான் என்ன எழுதப் படிக்கத் தெரியாதவனா?”

ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குப் பின் ‘இரண்டாம் துணைத் தலைவர்’ என்பதில் உடன்பாடு ஏற்பட்டது. முதலாம் துணைத் தலைவர் என்று தம்மை இனிக் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனையோடு துணைத் தலைவரும் இசைந்தார். புதியவர் குடையை மடக்கி, காலைக் கழுவி, உள்ளே வந்து அமர்ந்தார். காப்பி வந்தது. நான் தீர்மானத்தை எழுதத் தொடங்கினேன். ‘அண்மைக் காலமாகப் பெய்துவரும் தொடர் மழையைக் கருத்திற்கொண்டும்’ என்ற தொடர் முடியுமுன், சன்னல் அருகில் இருந்த பொருளாளர், “தண்ணி நகருதுங்க,” என்றார்.

தெருவில் அதுவரை அசையாமல் நின்ற நீர், செருப்புகளையும் மட்டைகளையும் சுமந்துகொண்டு தென்கிழக்கே போய்க்கொண்டிருந்தது. நாங்கள் ஐவரும், முழுக் கோரத்தோடு, பின்தொடர்ந்தோம்.

சிஸ்டர் இடுப்பளவு நீரில் கடப்பாரையோடு நின்றிருந்தார். பூட்டு உடையவில்லை. அது சங்கிலியில் பூட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்தது. சங்கிலி மாட்டியிருந்த கொக்கிதான் புதுச் சிமெண்டோடு பெயர்ந்து வந்திருந்தது. வெளி வடிகால் உள்ளேயிருந்த நீரைவிட ஒரு முழம் தாழ்ந்து, தன் பாட்டுக்குக் காத்திருந்தது போல ஓடிக்கொண்டிருந்தது.

“சிஸ்டர், இன்னும் தீர்மானம் முடியலையே!” என்றார் முதலாம் துணைத் தலைவர்.

“நீங்க முடிங்க சார். நான் ஒண்ணும் தடுக்கலையே.”

மெத்தை நனையவில்லை. அது பற்றிச் செயற்குழு அடுத்த கூட்டத்தில் விவாதிக்கவில்லை. சங்கச் சொத்துக்குச் சேதம் விளைவிக்கப்பட்டது குறித்து விரிவாக விவாதித்தது. சிஸ்டர் உறுப்பினர் அல்லர். உறுப்புரிமை அவர் கணவர் பெயரில் இருந்தது. உறுப்பினர் அல்லாதவர்மீது நடவடிக்கை எடுக்கத் துணைவிதிகளில் இடமில்லை. ஆகவே, இரண்டு ஆண்டுகளாகப் படுக்கையை விட்டு எழாத ஒருவர், மதகைப் பெயர்த்ததற்கு எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும் என்று முடிவாயிற்று. அந்த அறிவிப்பை எழுதும் பணி என்னுடையது. கூடவே, விரைவில் கூட்டப்படும் பொதுக்குழுவில் மதகுக்கு முன்னினும் பெரிய பூட்டு ஒன்று போட ஒப்புதல் பெறுவது என்றும் தீர்மானித்தோம்.

விதி எண் குறிப்பிட வேண்டுமே என்று அன்று மாலை துணைவிதிகளின் நகலை எடுத்தேன். பொறுப்புகளும் கடமைகளும் என்ற பகுதியில், செயலாளர் என்ற தலைப்பின் கீழ், ஏழாவதாக இருந்தது அது. சங்கத்தின் சொத்துகள் யாவும் செயலாளரின் பொறுப்பில் இருக்கும். அவசர நேரத்தில் அவர் தாமே உரிய நடவடிக்கை எடுத்துவிட்டு, செயற்குழுவின் ஒப்புதலைப் பின்னர் பெறலாம். என் கையெழுத்து. ஐந்து ஆண்டுகளுக்கு முன் நானே எழுத்து எழுத்தாக நகலெடுத்தது. மதகு என்னுடைய பொறுப்பு. பூட்டை உடைக்க எனக்கு ஒருவருடைய அனுமதியும் தேவைப்பட்டிருக்கவில்லை. நான் இரண்டாம் துணைத் தலைவருக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தேன்.

இதற்குப் பிறகு ஒரு மானமுள்ள மனிதன் என்ன செய்வான் என்பது எனக்குத் தெரியும். நான் அறிவிப்பை எழுதி முடித்தேன்; மறுநாள் கொண்டுபோய்க் கொடுக்கவும் செய்தேன்.

சிஸ்டர் அதை வாங்கி, கட்டிலருகே நின்று கணவருக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார். சிரிக்க இயன்ற பாதி முகத்தால் அவர் சிரித்தார். வாய் குழறி ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை.

“உங்க தமிழ் ரொம்ப நல்லா இருக்காம்,” என்றார் சிஸ்டர். பிறகு, “பெரிய பூட்டு வாங்கப் போறீங்களாமே? வானொலியில மறுபடியும் புயல் சின்னம்னு சொல்றான், கோடியக்கரைப் பக்கமா. பூட்டைப் போட்டுட்டு சாவியை இந்தத் தடவை எந்த நாட்டுக்கு அனுப்பப் போறீங்க?” என்று கேட்டார்.

பொதுக்குழு அடுத்த ஞாயிறு கூடியது. போண்டாவும் காப்பியும் உண்டு என்று அறிவித்திருந்ததால் நல்ல கூட்டம். சிஸ்டர், கணவரின் இடக்கைப் பெருவிரல் ரேகை வைத்த கடிதத்தோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். உறுப்பினர் அல்லாதவர் அமரலாமா என்று அமைப்பாளர் கேட்டார். அமரலாம், பேசக்கூடாது என்று முதலாம் துணைத் தலைவர் தீர்ப்பளித்தார்.

நான் நடவடிக்கைக் குறிப்பை வாசித்தேன். அதில், முந்தைய இரவு யோசித்து, ஒரு வரி சேர்த்திருந்தேன்: ‘அன்று காலை, செயலாளரின் வாய்மொழி உத்தரவின் பேரில் மதகு திறக்கப்பட்டது.’ அவ்வரி சிஸ்டரைக் காப்பாற்றும். ஏழாவது கடமையை நான் நிறைவேற்றியதாகவும் ஆகிவிடும். ஒரே வரியில் இரண்டு காரியம். எனக்கு அவ்வரி மிகவும் பிடித்திருந்தது.

“எப்பச் சொன்னீங்க?”

பேசக்கூடாதவர் எழுந்து நின்றிருந்தார்.

“சிஸ்டர், உங்களுக்கு நல்லதுக்குத்தான்...” என்று தொடங்கினேன்.

“எனக்கு நல்லது செய்யணும்னா அன்னிக்குக் காலையில செஞ்சிருக்கணும் சார். நீங்க உத்தரவும் போடல, ஒண்ணும் போடல. குடையை எடுத்துக்கிட்டு எதிர்த் திசையில போனீங்க. நான்தான் பேத்தேன். அப்படியே எழுதுங்க.”

கூட்டத்தில் எவரோ சிரித்தார்கள். நான் அவ்வரியை அடித்தேன். அடித்த பிறகு எஞ்சியிருந்தது ஒன்றுதான். துணைவிதிகளின் நகலை எடுத்து, ஏழாவது கடமையை வாசித்தேன். மதகு என் பொறுப்பு என்றும், அன்று திறக்கத் தவறியவன் நான் என்றும், விளக்கம் கேட்க வேண்டியது என்னிடம் என்றும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் நான் விரும்பிய அளவு கம்பீரமாக இருக்கவில்லை.

பிறகு முதலாம் துணைத் தலைவர் முகம் மலர்ந்தார். குற்றவாளி உறுப்பினராகவே கிடைத்துவிட்டார். நடைமுறைச் சிக்கல் தீர்ந்தது.

“அப்ப நோட்டீஸ் உங்களுக்குத்தான் குடுக்கணும்,” என்றார். சற்று யோசித்து, “அதையும் நீங்களே எழுதிடுங்க. வேற யாருங்க எழுதுறது?” என்றார்.

எழுதுகிறேன் என்றேன். அடுத்த பொருள், பெரிய பூட்டு.

“பூட்டு இல்லீங்க,” என்றேன். “சொத்து என் பொறுப்புன்னு இப்பத்தான் எல்லாரும் கேட்டீங்க. நான் செயலாளரா இருக்குற வரைக்கும் அந்த மதகுக்குப் பூட்டு கிடையாது.”

“இது அராஜகம்!” என்றார் அமைப்பாளர். “பூட்டு இல்லாட்டி கண்டவனும் தொறப்பான்.”

“தொறக்கட்டுமே. தண்ணி போறதுக்கு எவன் தொறந்தா என்ன?” என்றார் இரண்டாம் துணைத் தலைவர். அவர் பூட்டுக்கு எதிரானவர் என்று சொல்வதற்கில்லை. முதலாம் துணைத் தலைவர் எதை விரும்பினாரோ அதற்கு எதிரானவர். ஆயினும் அவர் பின்னால் பதினைந்து கைகள் உயர்ந்தன. பூட்டுக்கு ஆதரவாகப் பதினொன்று. சிஸ்டரும் கை தூக்கினார். அவர் கை எண்ணப்படவில்லை என்பதைக் குறிப்பில் முறையாகப் பதிவு செய்தேன்.

நன்றியுரை யார் ஆற்றுவது என்று இரு துணைத் தலைவர்களும் தொடங்கியபோது சிஸ்டர் எழுந்தார். “மணி ஆறாகுது. அவரைத் திருப்பிப் படுக்க வைக்கணும்,” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். போண்டா அப்போதுதான் வந்துகொண்டிருந்தது.

அதற்கு எட்டாம் நாள் மழை மீண்டும் பிடித்தது. விடிந்ததும் மதகுக்குப் போனேன். எனக்கு முன்னரே சிஸ்டர் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு வடிகாலைப் பார்த்தபடி நின்றார். வடிகால் இன்னும் தாழ்ந்தே இருந்தது. முன்மழை வடிந்தபின் யாரோ இறக்கிவிட்டிருந்த பலகை, நீரில் ஊறி, இருபுறமும் இறுகியிருந்தது. நான் ஒரு பக்கத்து வளையத்தைப் பற்றினேன். கொதிகலன் பார்த்த கைகள். ஆனால் பல ஆண்டுகளாகப் பேனாவைத் தவிர எதையும் தூக்காதவை.

“தீர்மானம் போட்டாச்சா?” என்றார் அவர்.

“இல்லம்மா.”

“நோட்டீசுக்குப் பதிலு?”

“இன்னும் எழுதல.”

“அப்ப நேரம் இருக்குன்னு சொல்லுங்க,” என்று குடையைக் கீழே போட்டுவிட்டு மறுபக்கத்து வளையத்தைப் பிடித்தார். “குனிஞ்சு தூக்காதீங்க, முதுகு போயிடும். அப்புறம் உங்களையும் நான்தான் பாக்கணும். காலை அகட்டி வச்சு நில்லுங்க. ம், இப்பத் தூக்குங்க.”